மழையில் மொட்டையாக நிற்கும் வேல மரம்

ஜனவரியில் ஜாம்பியாவில் எங்கே பார்த்தாலும் பச்சை. மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டி நிற்கும், புல் வண்டித்தடத்தை மூடிவிடும், போர்வெல் போடுகிற எங்கள் ரிக் வண்டி ஒரு முறை சேற்றில் இறங்கிவிட்டால் டிராக்டர் வரும்வரை அங்கேயே சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான். அத்தனை பச்சைக்கும் நடுவே சில பெரிய மரங்கள் மட்டும் ஒரு இலைகூட இல்லாமல் வெளுத்த கிளைகளோடு நிற்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர்வெல் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் இதைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, அது பட்டுப்போன மரமா? விறகுக்கு வெட்டிக்கலாமா?"

வெட்டிவிடாதே, அக்டோபரில் வந்து பார் என்பேன். அக்டோபர்தான் இங்கே கோடையின் உச்சம். ஜாம்பேசி பள்ளத்தாக்கில், ஜிம்பாப்வே எல்லையான சிருண்டு பக்கம், வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் காடு முழுக்க காய்ந்து கிடக்கும்போது, ஜனவரியில் மொட்டையாக நின்ற அதே மரம் அடர்த்தியாக, சாம்பல் பூத்த பச்சையில் தழைத்து நிற்கும். அடியில் மாடுகள், ஆடுகள், அதே நிழலில் எங்கள் பையன்கள்.

இங்குள்ள டோங்கா மக்கள் இதை முசாங்கு என்கிறார்கள். தாவரவியல் பெயர் ஃபைதெர்பியா அல்பிடா. நம் கருவேலம், வெள்வேலத்துக்கு உறவு, ஆனால் கூட்டத்தில் சேராத உறவு. ஆப்பிரிக்க வேல மரம் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது சுற்றுலா விளம்பரங்களில் வருகிற குடை விரித்த மரமும் பின்னால் சூரியனும்தான். இது அந்த மரம் இல்லை. 30 மீட்டர் வரைகூட வளரும், அடிமரம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவு பருக்கும், வயதானால் உருண்டு திரண்ட தலை. சிறு கிளைகள் வெளுப்பாக, கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும். கணுவில் இரட்டை முள்.

பெயரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1813இல் டெலில் என்கிற பிரெஞ்சுக்காரர் இதை அக்கேசியா என்றுதான் பதிந்தார். 1934இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஷெவாலியே, தனிப் பேரினமாகப் பிரித்து, செனகலைப் பிடித்து ஆண்ட ஜெனரல் ஃபைதெர்பின் பெயரை வைத்தார். உழவர்கள் பல தலைமுறையாகக் காப்பாற்றி வந்த மரத்துக்குப் படையெடுத்து வந்தவன் பெயர். தாவரவியலில் இது சகஜம், விடுங்கள்.

அதன் வருடக் கணக்கு இப்படி. நவம்பர், டிசம்பரில் மழை தொடங்கியதும் இலையைக் கொட்டும். ஏப்ரல், மே மாதத்தில் மழை ஓய்ந்து மற்ற மரங்கள் வாடத் தொடங்கும்போது தளிர்க்கும், பூக்கும். பூ நம் கருவேலம்பூ போல மஞ்சள் உருண்டை கிடையாது, வெளிர் மஞ்சளில் விரல் நீளத்துக்குக் கதிராக வரும். வேறு பூ அதிகம் இல்லாத பருவம் என்பதால் தேனீக்கள் மொய்க்கும். கோடை முற்றும்போது நெற்று விழும். சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட சகேல் பகுதியில் மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது, அங்கே மாதங்கள் மாறும், முறை மட்டும் இதுவேதான். சூடானில் இதன் பெயர் ஹராஸ். மழையோடு பகைத்துக்கொண்ட மரம் என்று அங்கே சொல்கிறார்கள்.

ஏன் இந்தப் பகை என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்கிற ஒரு யூகம் எனக்குப் பிடிக்கும். இது முதலில் ஆற்றங்கரை மரம். வெள்ளம் வந்து படுகை முழுக்கத் தண்ணீர் நிற்கிற மாதங்களில் வேருக்குக் காற்று கிடைக்காது, அப்போது உறங்கிவிட்டு, வெள்ளம் வடிந்த பிறகு விழித்துக்கொள்வது இந்த மரத்துக்கு லாபம். கோடையில் தழைக்கத் தண்ணீர் வேண்டுமே என்றால், அதற்குத்தான் ஆணிவேர். முளைத்த முதல் வருடத்தில் மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே அதைப்போலப் பல மடங்கு இறங்கியிருக்கும். வளர்ந்த மரத்தின் வேர் 30, 40 மீட்டர் வரை போனதாகப் பதிவுகள் உண்டு. எங்கள் தொழில் கணக்கில் நூறு அடிக்கும் மேல். இங்குள்ள டிரில்லர்கள் முசாங்கு நிற்கிற இடத்தில் தண்ணீர் உண்டு என்பார்கள். அது மேல்மட்டத் தண்ணீருக்குச் சரி, பாறை இடுக்கில் ஓடுகிற தண்ணீருக்கு மரம் உத்தரவாதம் தராது, இருந்தாலும் நீரோட்டம் பார்க்கிற மீட்டரை எடுப்பதற்கு முன்னால் நானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்வதுண்டு.

சரி, இதில் உழவனுக்கு என்ன என்று கேட்டால், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

நம் ஊரில் வயலுக்குள் மரம் நின்றால் முதலில் வருகிற பேச்சு "நிழலடிக்கும்" என்பது. மரத்தடியில் பயிர் வெளுத்து, நோஞ்சானாக, கதிர் பிடிக்காமல் போவதைப் பார்த்தவர்கள் சொல்கிற பேச்சு அது, தப்பே இல்லை. வேர் தண்ணீரையும் உரத்தையும் இழுக்கும், தலை வெளிச்சத்தை மறைக்கும். முசாங்குவுக்கு இந்த இரண்டு குற்றச்சாட்டும் ஒட்டாது. பயிர் நிற்கிற மாதங்களில் அதற்கு இலையே கிடையாது, தண்ணீரும் பெரிதாக இழுக்காது. போதாததற்கு, விதைக்கிற நேரம் பார்த்து மொத்த இலையையும் நிலத்தில் கொட்டுகிறது. வேர் முடிச்சுகளில் தழைச்சத்து பிடிக்கிற மரம், இலையிலும் அந்தச் சத்து இருக்கிறது. அப்புறம் கோடை முழுக்க நிழலுக்கு வந்து படுத்த மாடுகளின் சாணம், ஆட்டுப் புழுக்கை, கிளையில் அடைந்த பறவைகளின் எச்சம். எல்லாம் முதல் மழையில் கரைந்து இறங்கும்.

2008ஆம் ஆண்டு ஜாம்பியாவில் எடுத்த கணக்கு ஒன்று இந்தத் துறைக்காரர்கள் எல்லோர் வாயிலும் வரும். உரம் போடாத மக்காச்சோளம், முசாங்கு மரத்தடியில் ஹெக்டேருக்கு 4.1 டன், அதே நிலத்தில் மரத்தைத் தாண்டி வெளியே 1.3 டன். செனகலில் 1960களிலேயே கம்புப் பயிரில் மரத்தடியில் இரண்டு மடங்குக்கு மேல் விளைவதை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதை அப்படியே முழுங்கிவிடக் கூடாது. நைஜரில் மண்ணை ஆராய்ந்தவர்கள் வேறொரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள்: மரம் வந்ததால் மண் வளமானதா, இல்லை முதலிலேயே கொஞ்சம் வளமாக இருந்த திட்டில்தான் கன்று பிழைத்ததா? கரையான் புற்று கரைந்த இடம், பழைய மாட்டுப்பட்டி கிடந்த இடம் இதிலெல்லாம் கன்று சீக்கிரம் பிடிக்கும். எனக்கு இரண்டும் உண்டு என்றே படுகிறது. எப்படியானாலும் கன்று நட்ட அடுத்த வருடமே மூன்று மடங்கு விளைச்சல் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். மண்ணில் மாற்றம் தெரிய குறைந்தது பத்துப் பதினைந்து வருடம் ஆகும். இன்னொன்று, சின்னக் கன்றுகள் இந்தத் தலைகீழ்ப் பழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதுமில்லை, வேர் ஆழத் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அது நிலைக்கு வரும்.

தெற்கு ஜாம்பியாவில் மோன்சே பக்கம் ஒரு பண்ணையில் போர் போடப் போயிருந்தபோது நெற்று பொறுக்குவதைப் பார்த்தேன். செப்டம்பர் மாதம். பெரியவர் ஒருவர் பழைய யூரியா சாக்கை விரித்து வைத்திருந்தார், பேரப்பிள்ளைகள் பொறுக்கிப் போட்டார்கள். நெற்று ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம், நம் கொடுக்காப்புளி போலவே வட்டமாகச் சுருண்டிருக்கும், ஆனால் தோல் தடிமன், உள்ளே சதைக்குப் பதிலாக உலர்ந்த மாவுப்பற்று. ஆட்டினால் விதை உள்ளே கலகலக்கும். கடித்துப் பார்த்தேன், லேசான இனிப்பு, அப்புறம் துவர்ப்பு. எங்கள் டிரைவர் டோங்காக்காரர், அவர்தான் பெரியவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னார். நல்ல மரம் ஒன்று ஒரு பருவத்துக்கு இதுபோலச் சாக்கு சாக்காகக் கொடுக்குமாம். நூறு கிலோவுக்கு மேல் நெற்று உதிர்க்கிற மரங்கள் உண்டு என்று பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். புல் இல்லாத இரண்டு மூன்று மாதத்தை ஆடு மாடு இதை வைத்துத்தான் தாண்டுகிறது. சினை மாட்டுக்கு இடித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பதாகப் பெரியவர் சொன்னார். இடிக்காமல் போட்டால்? "விதை சாணத்தோடு வெளியே வரும், மழைக்கு முளைக்கும், அதுவும் எனக்கு நல்லதுதான்" என்றார்.

அதுதான் இந்த மரத்தின் பரவல் முறையே. விதையின் மேல்தோல் கல்மாதிரி. நர்சரிக்காரர்கள் கொதிநீரில் போடுவார்கள், இல்லையென்றால் முனையைக் கத்தியால் கொஞ்சம் கீறிவிடுவார்கள். அந்த வேலையை இயற்கையில் செய்வது குடல். மாட்டுக் குடல், காட்டில் யானைக் குடல். ஜாம்பேசி ஆற்றின் இரு கரையிலும், ஜாம்பியப் பக்கம் கீழ் ஜாம்பேசி தேசியப் பூங்காவிலும் எதிர்க்கரையில் ஜிம்பாப்வேயின் மனா பூல்ஸிலும், இந்த மரங்களின் காடே இருக்கிறது. கோடையில் யானைகள் மரத்துக்கு மரம் போய் நெற்றுக்கு நிற்கும், தும்பிக்கையால் கிளையை உலுக்கும். மனா பூல்ஸில் ஒன்றிரண்டு ஆண் யானைகள் பின்னங்கால் இரண்டில் எழுந்து நின்று உயரக் கிளையை எட்டுவதைப் படம் எடுக்கவே உலகம் முழுக்க இருந்து ஆள் வருகிறார்கள். படகில் போகும்போது யானை லத்தியைக் காட்டி, அதில் ஒட்டியிருந்த விதைகளை எங்களுக்கு எண்ணிக் காட்டிய வழிகாட்டிப் பையனுக்கு யானையைவிட அதில்தான் ஆர்வம் அதிகம்.

இந்த நெற்றைப் பார்த்தபோது எனக்குக் காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் அப்பத்தா ஊர் அங்கே. கொழுக்கட்டைப் புல் மேய்ச்சல், சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல். கோடையில் வெள்வேலங்காயை உதிர்த்து ஆட்டுக்குப் போடுவார்கள், காங்கேயம் மாடும் அதைத் தின்று வளர்ந்ததுதான். நட்ட மரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் யாரும் வெட்டியும்விட மாட்டார்கள். காடும் கிடையாது, தோப்பும் கிடையாது, இரண்டுக்கும் நடுவில் மனிதன் பார்த்துப் பார்த்து விட்டுவைத்த மரக்கூட்டம். முசாங்கு நிற்கிற வயல்களும் அச்சாக அதே ஏற்பாடுதான். ஒரு வித்தியாசம், வெள்வேலின் அடியில் புல்தான், இங்கே சோறே விளைகிறது.

பயன் என்று எடுத்தால் உரமும் தீவனமும் போக இன்னும் நிறைய. பட்டையைக் கொதிக்கவைத்த கஷாயம் இருமல், சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று செனகல் முதல் நமீபியா வரை வீட்டு வைத்தியத்தில் இருக்கிறது. குச்சியை மென்று பல் துலக்குகிறார்கள், ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லி வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முள் கிளையை வெட்டி மாட்டுப்பட்டிக்கு வேலி. மரம் மெத்து, பூச்சி சீக்கிரம் அரிக்கும், உத்திரத்துக்கு ஆகாது, ஆனால் கடையச் சுலபம் என்பதால் உரலும் உலக்கையும் குடைந்த படகும் செய்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மேய்ச்சல்காரர்களான ஃபுலானிகள் கோடையில் கிளையைத் தறித்து மாட்டுக்குப் போடுவார்கள், வயல்காரனுக்கும் அவர்களுக்கும் அதில்தான் தகராறும் வரும்.

பஞ்சத்தில் விதையைத் தின்றிருக்கிறார்கள். ஜாம்பேசி ஓரத்து டோங்கா மக்கள் மழை பொய்த்த வருடங்களில் விதையை நெடுநேரம் வேகவைத்து, கல்மாதிரித் தோல் உரிந்துவர, பருப்பை மட்டும் எடுத்து மறுபடி வேகவைத்துச் சாப்பிட்டார்கள். மாட்டுக்குப் போடுவதை மனிதன் தின்கிற காலம், சும்மா ருசிக்காக யாரும் செய்ய மாட்டார்கள். புரதம் நிறைய உள்ள விதைதான், ஆனால் விறகும் தண்ணீரும் பொறுமையும் எவ்வளவு வேண்டும் என்று யோசித்தால் அந்தப் பசி எப்படிப்பட்டது என்று புரியும்.

அந்த ஆற்றங்கரை இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. டோங்கா மக்கள் ஜாம்பேசி வெள்ளம் வடிந்ததும் ஈர வண்டலில் ஒரு போகம், மேட்டில் மழைக்கு ஒரு போகம் என்று இரண்டு பயிர் எடுத்தவர்கள். கரீபா அணைக்காக 1950களின் கடைசியில் இரு கரையிலிருந்தும் ஏறத்தாழ 57,000 பேரை மேட்டு நிலத்துக்குத் துரத்தினார்கள். வண்டலும் போனது, அந்த வண்டலில் நின்ற முசாங்குவும் போனது. அணைக்குக் கீழே வேறொரு சிக்கல். மனா பூல்ஸ் காட்டில் பெரிய மரங்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, அடுத்த தலைமுறைக் கன்றுகள் குறைவு. வெள்ளம் வந்து புது வண்டல் மேடு போடுவதை அணை நிறுத்திவிட்டது ஒரு காரணம் என்கிறார்கள், முளைக்கிற கொஞ்சத்தையும் யானையும் மானும் மேய்ந்துவிடுவது இன்னொன்று. யானைதான் விதைக்கவும் செய்கிறது என்பதால் யானையைக் குறை சொல்லவும் முடியவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனால் இந்த மரத்தின் மரியாதை இன்னும் கூடுதல். மாலி நாட்டில் நைஜர் ஆற்றங்கரையில் இருக்கிற செகூ, பழைய பம்பாரா அரசின் தலைநகரம். பம்பாராவில் இந்த மரத்துக்குப் பலன்சான் என்று பெயர். செகூவை 4,444 பலன்சான்களும் ஒரு கூனல் பலன்சானும் உள்ள ஊர் என்று இன்றும் சொல்வார்கள். யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் ஒரு தலைநகரத்தின் பெருமையைச் சொல்ல அரண்மனையை விட்டுவிட்டு மரத்தை எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள், அதிலும் அந்தக் கூனலை மறக்காமல். நைஜரில் ஹவுசாக்கள் காவோ என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிந்தர் பகுதியை ஆண்ட சுல்தான் தனிமூன், காவோவை வெட்டினால் தலை, கிளையைச் சிதைத்தால் கை என்று ஆணை போட்டதாகச் சொல்கிறார்கள். இன்றும் சிந்தருக்குத் தெற்கே கம்பங்காடுகளில் காவோ அடர்ந்து நிற்கிறது.

ஆனால் தலைவெட்டு ஆணையைவிட எனக்கு நம்பிக்கை தருவது செனகலின் செரேர் உழவர்கள் செய்ததுதான். கோடை இரவில் மாட்டை வயலிலேயே கட்டுவார்கள், நாம் கிடை போடுகிற அதே யோசனை, ஒரு வயல் ஒரு வருடம் ஓய்வு, அதில் மாடு, அடுத்த வருடம் கம்பு. மாடு நெற்றைத் தின்று விதையை அதே வயலில் போடும். மழைக்கு முளைத்த கன்றைக் களை எடுக்கிறவன் அடையாளம் கண்டு விட்டுவைப்பான். புதர் மாதிரிப் பல தண்டாகக் கிளைக்கிற கன்றைக் கவாத்து பண்ணி, ஒரே தண்டாக்கி, குச்சியில் நிமிர்த்திக் கட்டி, முள்ளைச் சுற்றிப் போடுவான். அவன் பேரன் காலத்தில் அது மரம். இந்தச் சங்கிலியில் மாடு, ஓய்வு நிலம், களையெடுப்பவன் கண் என்று எது அறுந்தாலும் மரம் வராது. மக்கள்தொகை கூடி ஓய்வு நிலம் குறைந்து, டிராக்டரும் ஏரும் கன்றைப் புரட்டிப் போட்டு, அங்கேயும் இப்போது கிழட்டு மரங்கள்தான் மிச்சம் என்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் அரசாங்கம் கை வைத்த கதைதான் எனக்கு ஆத்திரம் வரவைப்பது. 1935இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரு வனச் சட்டம் போட்டார்கள். இந்த மரமும் பாதுகாக்கப்பட்ட மரங்கள் பட்டியலில் ஏறியது. உன் வயலில், உன் தாத்தா காத்த மரத்தின் கிளையை வெட்டவும் வன அலுவலரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மரம் சர்க்காருடையது, தொல்லை மட்டும் உன்னுடையது. விளைவு என்ன ஆகும் என்று சொல்ல வனவியல் படிக்க வேண்டாம்: உழும்போது தட்டுப்படுகிற கன்றைப் பெரிதாகுமுன் கிள்ளிப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். மரத்தைக் காக்கப் போட்ட சட்டம், மரம் முளைப்பதை வயல்காரனுக்கு ஆபத்தாக்கிவிட்டது. சுதந்திரம் வந்த பிறகும் அந்தச் சட்டத்தின் நிழல் அப்படியே இருந்தது.

1980களில் நைஜரின் மராதி பகுதியில் டோனி ரினாவ்டோ என்கிற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ ஊழியர் மரம் நட்டுப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். நட்டதெல்லாம் காய்ந்தது. 1983இல் அவர் கண்ணில் பட்டது, புதர் என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர் என்பது. நடவே வேண்டாம், வேர் கீழே உயிரோடு இருக்கிறது, துளிரில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்தால் போதும். பஞ்சம் வந்தபோது வேலைக்குத் தானியம் என்று இதைப் பலரைச் செய்யவைத்தார், பஞ்சம் முடிந்ததும் விட்டுவைத்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டியும் விட்டார்கள். பிறகு மெல்லப் பரவியது. அதே காலத்தில் வன அலுவலர்கள் கெடுபிடியைத் தளர்த்தினார்கள், வயலில் நிற்பது வயல்காரனுடையது என்கிற எண்ணம் உழவர்களிடம் ஊன்றியது. இருபது வருடம் கழித்துச் செயற்கைக்கோள் படத்தையும் பழைய வான்படத்தையும் வைத்துப் பார்த்தவர்கள் தெற்கு நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியிருப்பதைக் கண்டார்கள், சுமார் 20 கோடி மரம். எல்லாம் காவோ இல்லை, மராதியில் வேறு மரங்கள்தான் அதிகம், சிந்தர் பக்கம்தான் காவோ. ரினாவ்டோவுக்கு 2018இல் சரியான வாழ்வுக்கான விருது (ரைட் லைவ்லிஹுட் விருது) கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அவர் இல்லாத ஊர்களிலும் மரம் திரும்பியிருக்கிறது, அங்கெல்லாம் காரணம் உழவன் தன் மரம் என்று நினைக்கத் தொடங்கியதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஜாம்பியாவில் இப்போது திட்டக்காரர்கள் முசாங்குவை வரிசையில் நடச் சொல்கிறார்கள், பத்து மீட்டருக்கு ஒன்று, ஹெக்டேருக்கு நூறு, வளர வளரக் கழித்துக்கொண்டு வா என்று. கன்று கொடுக்கிறார்கள், பனியன் கொடுக்கிறார்கள். நர்சரிப் பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் பைக்குள்ளேயே சுருண்டுவிடும், நட்ட பிறகு ஆழம் போகாமல் திணறும். நேராக வயலில் விதை ஊன்றுவது மேல் என்று அந்த மோன்சே பெரியவர்கூடச் சொல்வார். வேளாண்மை அலுவலர் வருகிற அன்றைக்குக் கன்றைச் சுற்றிப் புல் வெட்டியிருக்கும், அடுத்த முறை நாங்கள் பம்பு மாட்டப் போகும்போது அந்தக் கன்று ஆட்டு வயிற்றுக்குள் போயிருக்கும். அறுவடை முடிந்ததும் ஊர் மாடெல்லாம் யார் வயலிலும் மேயலாம் என்பது இங்கே வழக்கம், தீயும் வைப்பார்கள். வேலி போடுவதற்கு ஆள் எங்கே? குத்தகைக்கு உழுகிறவன் பதினைந்து வருடம் கழித்து வருகிற விளைச்சலுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்? ஊர்த்தலைவர் கொடுத்த நிலத்தை அதே தலைவர் நாளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், அதில் மரம் வளர்ப்பது யாருக்காக? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிற குடும்பங்களில் மட்டும்தான் நல்ல முசாங்கு வயல்களை நான் பார்த்திருக்கிறேன், அங்கேயும் மரம் தாத்தா காலத்தது.

ஊருக்குப் போனில் பேசும்போது இந்த மரத்தின் படத்தை அனுப்பினால் உடனே வருகிற கேள்வி, "விதை கொண்டு வா மாப்ள, நம்ம காட்ல போட்டுப் பார்க்கலாம்." அன்போடு கேட்கிறார்கள், ஆனால் நான் கொண்டு போகப் போவதில்லை. விறகுக்கும் பசுமைக்கும் என்று யாரோ நல்ல மனதோடு கொண்டுவந்து தூவிய சீமைக்கருவேலம் ராமநாதபுரத்தை என்ன செய்திருக்கிறது என்று தெரியும். முசாங்குவும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, ஆனால் நம் மழை வேறு, வடகிழக்குப் பருவம் வேறு, ஆயிரம் அடி போர் போட்டுப் போட்டு நாமே இறக்கிவிட்ட நீர்மட்டம் வேறு. நமீபியாவில் குய்செப் ஆற்றங்கரையில் வறட்சியில் நீர்மட்டம் இறங்கியதும் இந்த மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதைப் படித்த போர்வெல்காரன் அந்த விதையைத் திருப்பூர் மாவட்டத்துக்குக் கொண்டு போனால் அது கிண்டல்.

கொரங்காட்டு வெள்வேலே நமக்குப் போதும். அதையும் இப்போது மனை போட விற்றுக்கொண்டிருக்கிறார்கள், போன முறை போனபோது அப்பத்தா காட்டுக்கு அடுத்த காட்டில் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல் நட்டிருந்தார்கள், வெள்வேல் நாலைந்தை மட்டும் புரோக்கர் "நிழலுக்கு இருக்கட்டும்" என்று விட்டிருந்தார்.